ஒரே வேலை, வேறு வேறு ஆட்கள்: வேலைக்குப் புதியவர்கள் தங்கள் வேலைமுறையைப் பொருத்திக்கொள்வது எப்படி?

கல்முனையில் ஒரு கட்டட ஒப்பந்தக் கம்பனியில் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு மதகுக்கான செலவு மதிப்பீட்டை அவர் இரண்டு பேரிடம் காட்ட வேண்டும். பொறியியலாளர் தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து பென்சிலால் குறித்துக்கொண்டே போவார். முதலாளி தாளைத் தொடவே மாட்டார். "மொத்தம் எவ்வளவு வரும், எத்தின நாளில முடியும்?" என்பதோடு அவருடைய கேள்வி முடிந்துவிடும். மதிப்பீடும் ஒன்று, தொகையும் ஒன்று. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிக் கொண்டுபோனால் ஒருவர் "விபரம் காணாது" என்பார், மற்றவர் "இந்தத் தம்பி சுத்திவளைக்கிறார்" என்பார்.

வேலைமுறையைப் பொருத்திக்கொள்வது என்று சொல்வது இதைத்தான். வேலையின் தரத்தை ஆளுக்கு ஆள் கூட்டிக் குறைப்பது அல்ல. செய்த வேலையும் அதைப் பற்றிய தகவலும், எதிரே இருப்பவர் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில், அவருக்குத் தோதான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே விடைத்தாள். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ நன்றாகச் சித்தியடைந்து வெளியே வரும் பிள்ளைகள் முதல் ஆறு மாதத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அறிவுக் குறைவால் தடுமாறுகிறவர் குறைவு.

எது மாறலாம், எது மாறக்கூடாது

தகவல் எந்த வழியில் போகிறது என்பது மாறலாம்: நேரில், தொலைபேசியில், வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில், அச்சிட்ட தாளில். எவ்வளவு விபரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, சிக்கல் வந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது, எந்தத் தீர்மானத்தை நீங்களே எடுக்கலாம் என்பவையும் மாறலாம்.

அளவு, தொகை, திகதி, பாதுகாப்பு, சட்டம் ஆகியவை யாருக்காகவும் மாறக்கூடாது. முதலாளி சுருக்கமாகக் கேட்கிறார் என்பதற்காக 40 பை சீமெந்து 35 ஆகிவிடாது. இந்தக் கோட்டை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பொருத்திக்கொள்வதாக நினைத்துக்கொண்டு வளைந்து கொடுக்கப் போனவர்கள் மாட்டிக்கொள்வது கணக்காய்வு வரும்போதுதான்.

முதல் இரண்டு வாரம்

"உங்களுக்கு எப்படியான வேலைமுறை பிடிக்கும்?" என்று மேலதிகாரியிடம் நேரே கேட்பது பயிற்சிப் பட்டறைகளில் நன்றாக இருக்கும். 25 வருட சேவை உள்ள ஒருவரிடம் மட்டக்களப்பில் அப்படிக் கேட்டால் "முதல்ல வேலையச் செய்யும் தம்பி, பிறகு பாப்பம்" என்ற பதில்தான் கிடைக்கும். அதில் பிழையும் இல்லை. அவர் தன் பழக்கத்தைச் சொற்களில் வைத்துக்கொண்டிருப்பதில்லை. கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கேட்டால் உடனே பதில் வரும்.

"சேர், இத பிரிண்ட் எடுத்துத் தரவா, மெயில்ல அனுப்பவா?"

"அரைவாசி முடிஞ்சதும் ஒருக்கா காட்டவா, முழுசா முடிச்சிட்டுக் கொண்டு வரவா?"

"எவ்வளவு தொகை வரைக்கும் நானே வாங்கலாம் மிஸ்?"

"நீங்க லீவுல நிண்டா இத யாரிட்டக் கேக்க?"

"ஒபிஸ் நேரத்துக்குப் பிறகு அவசரம் எண்டா கோல் எடுக்கலாமா, மெசேஜ் போட்டாக் காணுமா?"

ஐந்தையும் ஒரே நாளில் கேட்டால் விசாரணை போல ஆகிவிடும். அந்தந்த வேலை கைக்கு வரும்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் அதிகம் பயன்படும். அரைவாசியில் காட்டச் சொல்பவரிடம் முடித்த வேலையைக் கொண்டுபோனால், தன்னைக் கேட்காமல் செய்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். முடித்துக் கொண்டுவரச் சொல்பவரிடம் பாதியைக் காட்டினால், வேலை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்.

கேட்க முடியாததைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒருவர் உங்களுக்கு எப்படி அனுப்புகிறாரோ, அதுவே பெரும்பாலும் அவர் வாங்க விரும்பும் விதம். ஒரு வரியில் செய்தி போடுகிறவர் உங்கள் பத்து வரியை முழுதும் வாசிக்கப் போவதில்லை. வொய்ஸ் மெசேஜ் போடுகிறவருக்கு அட்டவணை அனுப்பினால், அதைத் திறக்காமலே உங்களுக்குக் கோல் எடுப்பார்.

அலுவலகத்தில் நீண்ட காலம் இருக்கும் முகாமைத்துவ உதவியாளருக்கும் கோப்புத் தூக்குபவருக்கும் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. "அக்கா, சேர் எந்த நேரத்தில ஃபைல் பார்ப்பார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் தினத்தன்று வாசலில் வரிசை நிற்கும்போது 20 பக்கக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அந்த ஒரு கேள்வி போதும்.

கிடைத்ததை அரைத் தாளில் எழுதி வையுங்கள். "தொகை முதலில். 9 மணிக்கு முன் பேச வேண்டாம். 25,000 ரூபாய்க்கு மேல் என்றால் கேட்டுத்தான். கையெழுத்து வாங்குவது மாலை 3க்குப் பிறகு." இப்படிச் செய்திகள் மட்டும் இருக்கட்டும். "கோபக்காரர்", "சந்தேகப் பேர்வழி" போன்ற சொற்களை எழுதாதீர்கள். தாள் யார் கையிலும் போகலாம் என்பது ஒரு காரணம். அப்படி ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அவர் செய்வதெல்லாம் அந்தப் பெயரின் வழியாகவே தெரியும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வாசிப்பவரும் கேட்பவரும்

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999இல் எழுதிய கட்டுரையில் மனிதர்களை வாசித்து உள்வாங்குபவர், கேட்டு உள்வாங்குபவர் என்று பிரிக்கிறார். அவர் காட்டும் உதாரணம் ஐசனோவர். இரண்டாம் உலகப் போரில், ஐரோப்பாவில் நேசப் படைகளின் தளபதியாக இருந்தபோது, பத்திரிகையாளர் கேள்விகள் அரை மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அவர் கைக்கு வரும்படி உதவியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அவர் பேச்சைப் பத்திரிகையாளர்கள் விரும்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதியான பிறகு, அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த, கேட்டு உள்வாங்கும் பழக்கமுள்ள ரூஸ்வெல்ட், ட்ரூமன் ஆகியோர் நடத்திய திறந்த பத்திரிகையாளர் சந்திப்பையே அவரும் தொடர, அதே பத்திரிகையாளர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். ஆள் ஒருவர்தான், தகவல் வந்த வழிதான் மாறியது.

வாசிப்பவரிடம் முதலில் தாளைக் கொடுத்து, வாசிக்க நேரம் விட்டு, பிறகு பேசுங்கள். அவர் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வது பெரும் தொல்லை. கேட்பவரிடம் முதலில் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, அவர் கேள்வி கேட்டு முடிந்ததும் தாளைக் கொடுங்கள். அவருக்கு அந்தத் தாள் பதிவுக்காக. கேட்பவரோடு வேலை செய்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது: பேசியது எங்கும் எழுத்தில் இராது. பேசி முடித்த அரை மணிக்குள் மூன்று வரி அனுப்பிவிடுங்கள். "இன்று பேசியபடி: அ) கேள்விப்பத்திரத்தை (டெண்டரை) 12ஆம் திகதி போடுவது, ஆ) கம்பியை இப்போது வாங்குவதில்லை, இ) மிச்சத்தைப் புதன்கிழமை பார்ப்பது." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பிழையாக இருந்தால் திருத்துவதற்கு அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

எங்கள் பகுதியில் இந்த மூன்று வரிக்கு இன்னொரு தேவையும் உண்டு. அம்பாறைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பேச்சும் கடிதமும் பெரும்பாலும் சிங்களத்தில், கல்முனை அலுவலகத்தில் தமிழில், கொழும்புத் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் என்று ஒரே கோப்பு மூன்று மொழியில் நகரும். இரண்டாம் மொழியில் தொலைபேசியில் பேசினால், பாதி விளங்கியதை முழுதும் விளங்கியதாக எடுத்துக்கொண்டு வருவது இயல்பு. எழுதி அனுப்பும்போது எண்களையும் திகதிகளையும் குழப்பமில்லாமல் எழுதுங்கள். நாம் பன்னிரண்டரை இலட்சம் என்பதைக் கொழும்பில் 1.25 மில்லியன் என்பார்கள், வெளிநாட்டு நிதி வழங்குநருக்கு இலட்சம் என்றால் என்னவென்றே தெரியாது. 1,250,000 என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஒன்றுதான். 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள்.

அடிக்கடி கேட்பவரும் தூரத்தில் இருப்பவரும்

ஒரு நாளைக்கு நாலு தரம் "எதுவரைக்கும்?" என்று கேட்கும் முகாமையாளரைப் பற்றித்தான் இளையவர்கள் அதிகம் குறைப்படுகிறார்கள். அவர் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவருக்கு மேலே இன்னொருவர் அவரைக் கேட்பதுதான். அவர் கேட்பதற்கு அரை மணி முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: காலை 8.45க்கு இன்று என்ன செய்யப்போகிறேன், மாலை 4க்கு எது முடிந்தது, எது நின்றது. இரண்டு வாரம் விடாமல் செய்தால் கேள்விகள் குறையும். இரண்டு நாள் செய்துவிட்டு மூன்றாம் நாள் விட்டால் முன்பைவிடக் கூடும், ஏனென்றால் இப்போது உங்கள் மௌனமே அவருக்கு ஒரு செய்தி.

கொழும்பிலோ கண்டியிலோ இருந்துகொண்டு மட்டக்களப்புக் கிளையைப் பார்க்கும் முகாமையாளருக்கு அது பொருந்தாது. வாரம் ஒருமுறை, குறித்த நாளில், ஒரு பக்கம். முதல் பந்தியில் அவர் தீர்மானிக்க வேண்டியவை, அடுத்ததில் பிந்தியிருப்பவை, கடைசியில் முடிந்தவை. நாம் வழக்கமாக எழுதுவது இதற்கு நேர்மாறு. முடிந்ததைப் பெருமையோடு முதலில் எழுதி, கேட்க வேண்டியதைக் கடைசி வரியில் தயக்கத்தோடு வைப்போம். அவர் அந்த வரிக்கு வரமாட்டார்.

வாடிக்கையாளரின் நாட்காட்டி

வாடிக்கையாளருக்குப் பொருத்திக்கொள்வதில் பாதி, அவருடைய ஆண்டு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவைப்பது. சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருப்பவருக்குப் பெரும்போக அறுவடை வந்துவிட்டால் மூச்சுவிட நேரம் கிடையாது. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல் நடத்துபவர்களுக்கு மே தொடக்கம் செப்டம்பர் வரை கைநிறைய வேலை. கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிற்சியிலிருக்கும் ஒருவர், வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஓகஸ்ட் மாதம் அறுகம்பைக்குப் போய்ச் சிட்டைகளைக் கேட்டால் கிடைக்காது. ஏப்ரலில், பருவம் சூடு பிடிக்குமுன் போனால் உரிமையாளரே உட்கார்ந்து எடுத்துத் தருவார். நெல் ஆலைக்காரரிடம் ஜனவரியில் போகாதீர்கள். அறுவடை ஓய்ந்த பிறகு போங்கள்.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். காத்தான்குடிக் கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை 12 மணிக்குக் கூட்டம் வைக்க முடியாது. ஜும்ஆ முடிந்து 2.30க்குப் பிறகு வையுங்கள், அல்லது வியாழனுக்கு மாற்றுங்கள். நோன்பு மாதத்தில் காலை 10 மணி நல்ல நேரம், மாலை 5 மணி கூடாத நேரம். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் மேசனும் வரமாட்டார், தச்சரும் வரமாட்டார். அந்த வாரத்தை வேலைத் திட்டத்திலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறை என்று ஒன்று மாதாமாதம் வருவதே தெரியாது. ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள்.

கடைக்காரரைப் பார்க்கப் போனால் தேநீர் வரும், குடும்பம் விசாரிப்பார். அதை நேர விரயம் என்று எண்ணாதீர்கள். உங்களோடு கணக்குப் பேசலாமா என்று அவர் முடிவெடுப்பது அந்த நேரத்தில்தான். அழைப்பதும் அவர் வழியில் இருக்கட்டும். "ஹாஜியார்" என்றோ "அண்ணன்" என்றோ மற்றவர்கள் அழைப்பதைப் பார்த்து அழையுங்கள். வெளிநாட்டு முகாமையாளர் தன்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் தயங்காமல் பெயரையே பயன்படுத்துங்கள். அங்கே "சேர்" என்று தொடர்ந்தால் நீங்கள் விலகி நிற்பதாக நினைக்க இடமுண்டு.

கடல் கடந்து வீடு கட்டுபவர்

கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ வீடு கட்டிக்கொண்டு, தான் லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் வாடிக்கையாளர் இங்கே நிறையப் பேர். இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் வரைஞர்களுக்கும் இவர்களைப் போலப் பாடம் கற்பிப்பவர் வேறு இல்லை.

முதலில் நேரம். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. டொரொன்டோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. இங்கே இரவு 9.30 என்றால் கோடையில் அங்கே பகல் 12. மெல்பேர்ன் மறுபக்கம்: நமக்கு நாலரை மணி முன்னால், அங்குள்ள கோடையில் ஐந்தரை. உங்கள் மாலைச் செய்தி அவர் படுத்துவிட்ட பிறகு போய்ச் சேரும். அதனால் மெல்பேர்ன்காரருக்குப் பகல் 12க்கு முன் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது படம். "வேலை நல்லாப் போகுது அண்ணா" என்று எழுதி, தூரத்தில் நின்று எடுத்த இரண்டு படம் போட்டால் அவருக்குச் சந்தேகம்தான் கூடும். மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்ததும், கொங்கிரீட் போடுவதற்கு முன், அளவுநாடாவைக் கம்பிகளுக்குக் குறுக்கே வைத்துப் படம் எடுங்கள். வரைபடத்தில் 150 மில்லிமீற்றர் இடைவெளி என்று இருந்தால் நாடாவில் அந்த எண் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பி பலகையில் முட்டாமல் இருக்க அடியில் வைக்கும் கொங்கிரீட் கட்டைகள் தெரிய ஒரு படம். மூலையில் கம்பி வளைத்த விதம் தெரிய ஒரு படம். பிறகு முழுத்தளமும் தெரிய ஒன்று. கொங்கிரீட் விழுந்த பிறகு இவை எதையும் யாராலும் காட்ட முடியாது. நிலத்துக்கு அடியில் போகும் குழாய்க்கும் சுவருக்குள் போகும் மின்கம்பிக்கும் இதே வழிதான்: மூடும் முன் படம், அளவோடு.

மூன்றாவது, எல்லோரும் தவறவிடுவது: யார் தீர்மானிப்பவர்? காசு அனுப்புபவர் டொரொன்டோவில். வளவில் குடை பிடித்துக்கொண்டு நிற்பவர் அவருடைய மச்சான். மச்சான் "இந்த யன்னலக் கொஞ்சம் பெரிசாக்குங்க தம்பி" என்று சொல்ல, நீங்கள் ஆக்கிவிட்டால் கூடுதல் செலவு யாருடையது? வேலை தொடங்குமுன் மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள்: வரைபடத்தில் எந்த மாற்றமும் அண்ணா எழுத்தில் சொன்னால் மட்டும். பொருள் தெரிவில் 20,000 ரூபாய் வரை மச்சான் சொல்லலாம், அதற்கு மேல் அண்ணாவிடம் கேட்டு. எந்தத் தொகை என்பதை அவர்களே சொல்லட்டும், ஒரு தொகை இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மச்சானுடைய முகமும் இதனால் காப்பாற்றப்படுகிறது.

கெட்ட செய்தி

பொருத்திக்கொள்ளத் தெரிந்தவரா என்பது கெட்ட செய்தி சொல்லும்போது தெரிந்துவிடும். மரியாதை காரணமாக, சரிசெய்துவிட்டுச் சொல்வோம் என்று காத்திருப்பதே வழமையான பிழை. சரியாகாது, நாள்தான் போகும். தெரிந்த அன்றே சொல்லுங்கள். நான்கு விடயம் இருக்க வேண்டும்: என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு, என்ன வழிகள் உண்டு, எப்போதுக்குள் பதில் வேண்டும்.

"அண்ணா, வியாழன் வர வேண்டிய கம்பி திங்கள்தான் வரும். மேல்தளம் 4 நாள் பிந்தும், கூடுதல் செலவு இல்லை. வேறு கடையில் நாளைக்கே எடுக்கலாம், மொத்தத்தில் 18,000 ரூபாய் கூடும். இன்றிரவு 9 மணிக்குள் சொன்னால் நாளைக் காலை ஏற்பாடு செய்யலாம்."

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இது அப்படியே எழுத்தில் போகலாம். இங்குள்ள மேலதிகாரிக்கு முதலில் தனியே, கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் பத்துப் பேர் நடுவே முதல்முறை கேள்விப்பட வைத்தால், விடயம் சின்னதாக இருந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

எங்கே பிழைக்கிறது

ஒருநாள் கோபத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது முதல் பிழை. மாத முடிவில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் கணக்காளர் அந்த மூன்று நாளும் வேறொரு மனிதர். ஊரையோ சமயத்தையோ வயதையோ வைத்து ஆளைத் தீர்மானிப்பது இன்னும் கூடிய பிழை. 60 வயதுக்காரர் எக்செல் கோப்பைத் திறந்து சூத்திரத்தில் பிழை பிடிப்பதும் உண்டு, 30 வயதுக்காரர் அச்சிட்ட தாள் கேட்பதும் உண்டு. பொது ஊகம் முதல் நாளுக்கு மட்டும் போதும், இரண்டாம் நாளிலிருந்து அந்த ஆளைப் பாருங்கள்.

அரசசார்பற்ற நிறுவனங்களில் ஒருவருக்கு இரண்டு மேலதிகாரிகள் இருப்பது சாதாரணம்: மாவட்டத்தில் ஒருவர், துறைசார்ந்து கொழும்பில் ஒருவர். ஒருவருக்குச் சுருக்கமாகவும் மற்றவருக்கு விரிவாகவும் கொடுக்கும்போது எண்கள் விலகிப்போகும். மூல அட்டவணை ஒன்றே ஒன்று இருக்கட்டும், இரண்டு அறிக்கையும் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். 112 பயனாளிகள் ஓரிடத்தில் 120 ஆகிவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் எந்த எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் எந்நேரமும் இணங்குவதும் பொருத்திக்கொள்வது ஆகாது. இரவு 11 மணிச் செய்திக்கு ஒருமுறை உடனே பதில் போட்டால் அது வழக்கமாகிவிடும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுக்கிறது, அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு. சட்டத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. "பாத்தன் சேர், காலையில 8.30க்கு முதல் வேலையா செய்றன்" என்று மறுநாள் காலை 7.30க்குப் பதில் போட்டு, சொன்னபடியே செய்துவிட்டால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். வளவில் விபத்து, வங்கியில் காசு பிழைத்தது போன்றவை இதற்கு விலக்கு. அவற்றுக்கு எந்நேரமும் எழும்புங்கள்.

பொருத்தம் சரியாக வருகிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. ஒருவர் ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால், அடுத்த அறிக்கையில் அந்தப் பதிலை முதல் வரியில் வையுங்கள். ஹோட்டல்காரர் இரண்டு தரம் "வரி எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டாரா, அடுத்த மின்னஞ்சல் அந்தத் தொகையோடு தொடங்கட்டும். இரண்டு மூன்று மாதத்தில் கேள்விகள் புதியவையாக மாறியிருக்கும், பதில்கள் "சரி" என்ற ஒரு சொல்லோடு வரும்.

அரச அலுவலகத்திலும் வங்கியிலும் இடமாற்றம் வரும், மேசைக்கு அந்தப் பக்கம் புதியவர் ஒருவர் வந்து அமர்வார். பழைய அரைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல் இரண்டு வாரத்தின் ஐந்து கேள்விகளை மறுபடியும் தொடங்குங்கள். "முந்தின சேர் இப்பிடித்தான் செய்யச் சொன்னவர்" என்ற வசனத்தை அந்த இரண்டு வாரமும் சொல்லாமல் இருங்கள்.